நீ பார்க்காத பச்சை

அந்த ஓவியத்தைச் சென்ற சனிக்கிழமை நேரில் பார்த்தேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மியூசியத்துக்குச் சில மாதங்களுக்கு மட்டும் வந்திருக்கிறது. பிரான்சில் நூறு வருஷத்துக்கு முன்னால் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தவர்களில் ஒருவர் வரைந்த, நம்முடைய ஆற்றங்கரை. ‘நம்முடைய’ என்று எழுதக் கை தயங்கவில்லை. வரைந்தவருக்கு அடுத்தபடியாக அதை அதிக நேரம் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

எவ்வளவு சிறியது என்பதுதான் முதலில் தோன்றியது. சுவர் அளவுக்கு ப்ரிண்ட் எடுத்துப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அசல், விரித்த செய்தித்தாளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கிட்டே போனால் எண்ணெய் வண்ணம் கடுகு கடுகாக மேலெழும்பி நிற்கிறது. விரலால் தடவினால் சொரசொரக்கும் என்று பார்த்தாலே தெரிகிறது. நம் காகிதத்தில் அதெல்லாம் வழித்துவிட்ட மாதிரி தட்டையாக இருக்கும்.

கரூரிலிருந்து நீ எழுதிய ஒரு கடிதத்தில், “என்னைக்காவது அசலைப் பாத்தீன்னா எனக்கு எழுது. கலரை விடு. வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு எழுது” என்று கேட்டிருந்தாய். அது ஆறு வருஷத்துக்கு முந்தைய கடிதம். நீ இறந்தும் பத்து மாதம் ஆகிறது. இப்போதுதான் எழுதுகிறேன்.

வெளிச்சம் இடது பக்கம் மேலிருந்து வருகிறது. சாயங்காலம் என்று நாம் நினைத்தது தப்பு. காலை பத்து, பத்தரை மணி வெயில். ஏழு நெட்டை மரங்களின் நிழலும் வலப்பக்கமாகச் சாய்ந்து புல்லின்மேல் கிடக்கிறது. துணி உலர்த்தும் அந்தப் பெண்ணின் முதுகு நம் ஸ்கேனில் வெளிறிப் போயிருந்ததே, அது கோளாறு இல்லை. வரைந்தவர் அங்கே உண்மையாகவே வெள்ளைப் புள்ளியாகக் குவித்திருக்கிறார். முதுகு சுடுகிற மாதிரி வெளிச்சம்.

என் மகள் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, “இட்ஸ் ஜஸ்ட் டாட்ஸ், அப்பா” என்றாள். பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். போய் நின்றாள், தலையை ஆட்டினாள், அம்மாவைத் தேடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நான் மட்டும் நின்றேன். அவளுக்கு ஒன்பது வயது முடிகிறது. நீ ஊருக்குக் கிளம்பிய வருஷம்தான் அவள் பிறந்தாள். அதனால் நீ ஊருக்குப் போய் எத்தனை வருஷம் என்று நான் விரல்விட்டு எண்ண வேண்டியதே இல்லை.

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மில்பிடாஸில் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தோம். நீ கரூர், நான் திருநெல்வேலி. நீ சமைக்கும் அரிசிம்பருப்பு சாதத்தை நான் குழைந்த பொங்கல் என்பேன். நான் வைக்கும் குழம்பை நீ வெந்நீர் என்பாய். ஒரே கம்பெனியில் ஒரே மாதம் சேர்ந்தவர்கள். கலர் பிரின்டர் அப்போது புது விஷயம். நான்கு மைகளைப் புள்ளி புள்ளியாகத் தெளித்து ஒரு முழுப் படத்தைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். எந்தப் புள்ளி எங்கே விழ வேண்டும் என்று கணக்குப் போடும் ப்ரோகிராம் எழுதுவது உன் வேலை. அதில் உன்னை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை.

அந்த ஓவியத்தைச் சோதனைப் படமாகக் கொண்டுவந்தவர் நம் மேனேஜர் டேவ்தான். புள்ளிகளால் ஆன படத்தைப் புள்ளிகளால் அச்சடித்துத் தப்பித்துவிட்டால், உலகத்தில் எதையும் அச்சடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. அதனால் தினமும் அந்த ஆற்றங்கரை காகிதத்தில் வந்து விழும். சாம்பல் நிறம் பூசிய பெட்டிக்குள், பகல் வெளிச்சம் போன்ற விளக்கின் கீழே அதை வைத்துப் பார்ப்போம். ஏழு மரம், ஒரு பெண், ஒரு துணிக்கொடி, ஆறு, அப்புறம் புல். முக்கால்வாசிப் படம் புல்தான்.

இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது. நான் வசந்தியோடு பிளசன்டனுக்கு வாடகைக்குப் போனேன். நீ சுமதியோடு லிவர்மோர் போனாய். கோயிலுக்குப் பக்கம் என்று சுமதி சொல்வாள், வாடகை குறைவு என்று நீ சொல்வாய். ஒரு வாரம் உன் கார், ஒரு வாரம் என் கார் என்று மலையைத் தாண்டி வேலைக்குப் போய் வருவோம். இரண்டு வருஷம் அப்படிப் போனோம். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த நட்பு அந்தக் கார் பயணம்தான்.

நடுவில் கம்பெனி தடுமாறியது. ஒரு வெள்ளிக்கிழமை டீமில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேருக்குப் போனவர்களின் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். உனக்கு வந்தது கலர் செக்கிங். ப்ரிண்ட் வெளியே போகும் முன் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. விசா கம்பெனியின் பெயரில் இருந்தது. கிரீன் கார்டுக்கு அப்போதுதான் பேப்பர் போட்டிருந்தார்கள். வெளியே வேலை என்பது குதிரைக் கொம்பு.

பிறகுதான் நீ ப்ரிண்ட்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வர ஆரம்பித்தாய். இது கொஞ்சம் சிவப்பா அடிக்குதா, அது பரவாயில்லையா என்று பேச்சுவாக்கில் கேட்பாய். நீ கவனமான ஆள், இரண்டாவது கண் தேடுகிறாய் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு காலை, நல்ல மழைக்கு மறுநாள், உன் காரில் மலை ஏறிக்கொண்டிருந்தோம். போன மாதம் வரை காய்ந்து வைக்கோலாகக் கிடந்த மலை முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. நான் அதைச் சொன்னேன். நீ ஆமா, ஆமா என்றாய். எந்தப் பக்கம் அதிகம் என்று விளையாட்டாகக் கேட்டேன். நீ அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, மூடிக் கிடந்த ஒரு பழக்கடை முன்னால் காரை நிறுத்தினாய்.

“எனக்கு அது ரெண்டும் ஒண்ணாத்தான்டா தெரியுது” என்றாய். “மலை காஞ்சாலும் அதே. மழை பேஞ்சாலும் அதே.”

அப்புறம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாய். நாலாங் கிளாஸில் மரத்துக்குப் பச்சைத் தண்டும் பழுப்பு இலையும் வரைந்து, டிராயிங் வாத்தியார் அதை வகுப்பு முழுக்கச் சுற்றிக் காட்டியது. உன் அப்பா ஆசைப்பட்ட ரயில்வே வேலை கண் பரிசோதனையில் போனது. அங்கே யாரும் திட்டவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள், அதுதான் வலித்தது என்றாய். சிக்னலில் மேலே எரிகிறதா, கீழே எரிகிறதா என்று பார்த்துத்தான் வண்டி ஓட்டினாய். சுமதி உன் சட்டைக் காலருக்கு உள்ளே முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஒரு முடிச்சு என்றால் பச்சை, இரண்டு என்றால் பழுப்பு. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கலர் செக்கிங்கில் உட்கார்ந்திருக்கிறாயே என்று அவள் தினம் பயப்படுகிறாள் என்றாய்.

டேவிடம் சொல்லிவிடலாமே என்று கேட்டேன். சொன்னால் அடுத்த லிஸ்டில் உன் பெயர்தான் முதலில் இருக்கும் என்றாய். அது பொய்யான பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ப்ரிண்ட்டின் ஓரத்தில் விழும் கலர் பட்டைகளை அளக்கும் கருவி இருக்கிறது, அது காட்டும் எண்களை வைத்து முக்கால்வாசி சமாளித்துவிடுவேன், சந்தேகம் வந்தால் மட்டும் உன்னிடம் காட்டுகிறேன், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாய். சரி என்றேன். ஒருவன் நம்மை நம்பி இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. நான் உனக்குப் பச்சையையும் சிவப்பையும் சொன்னேன். நீ எனக்கு வேறொன்றைச் சொன்னாய். நிறம் உன்னை ஏமாற்றாததால், வெளிச்சமும் நிழலும் உனக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்தது. ப்ரிண்ட்டில் தலைமுடி அளவு கோடு விழுந்தால், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் எங்களுக்கு முன்னால் நின்ற இடத்திலிருந்தே விரல் வைப்பாய். ஒரு நாள் அந்த ஆற்றங்கரையின் இடது மூலையைக் காட்டி, இந்தப் புல்லுக்கு அடியில் ஒரு படகு இருக்கிறது, அவர் வரைந்துவிட்டு மேலே மூடியிருக்கிறார் என்றாய். டேவ் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். சனிக்கிழமை அந்த மூலையில் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். படகு இருக்கிறது. பச்சைப் புள்ளிகளுக்கு அடியில் அதன் விளிம்பு மேடாக ஓடுகிறது. காவலுக்கு நின்றவர் வந்து, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

அது ஒரு வியாழக்கிழமை. பிளசன்டனில் ஒரு வீட்டுக்கு நாங்கள் விலை சொல்லியிருந்தோம். வசந்திக்கு ஏழு மாதம். இன்னொருவரும் அந்த வீட்டைக் கேட்கிறார் என்று, வீடு பார்த்துக் கொடுக்கும் ரியல்டர் ஆபீஸ் போனில் அழைத்திருந்தாள். நான் காதில் போனை வைத்தபடி ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். நீ பெரிய ப்ரிண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தாய். திங்கட்கிழமை ஒரு பெரிய கஸ்டமருக்குக் காட்டப் போவது அது. பட்டைகளை அளந்து முடித்த பிறகு மை டப்பா ஒன்றை மாற்றிவிட்டார்கள், அதனால் அந்த எண்களை நம்ப முடியாது, கொஞ்சம் பார்த்துச் சொல் என்று என் முன்னால் விரித்தாய்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, நல்லா இருக்கு என்றேன்.

“புல்லு?” என்று கேட்டாய்.

“பச்சையாத்தான் இருக்கு” என்றேன்.

நான் பார்க்கவில்லை. கண் காகிதத்தின்மேல் இருந்தது. ஆனால் பார்க்கவில்லை. நீ சுருட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டாய்.

செவ்வாய்க்கிழமை டேவ் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேஜைமேல் அந்த ப்ரிண்ட் கிடந்தது. சிவப்பு மை ஒரு மடங்கு கூடுதலாக இறங்கி, புல் முழுக்கத் துருப்பிடித்த இரும்பு மாதிரி இருந்தது. கண் உள்ள யாருக்கும் பத்தடி தூரத்திலேயே தெரியும். இது இலையுதிர் காலமா என்று கஸ்டமர் கேட்டாராம். ஆர்டர் போய்விட்டது.

டேவ் குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதை எப்படி ஒருவர் பார்க்காமல் விட முடியும் என்று, நிஜமாகவே புரியாமல் உன்னைக் கேட்டார். நீ கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தாய். அதில் என்ன தப்பு என்று உனக்கு அப்போதும் தெரியவில்லை.  பிறகு உன் கண்ணைப் பற்றி நீயே சொன்னாய், இரண்டே வாக்கியத்தில்.

டேவ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, உனக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

அந்தச் சொல் வெளியே வந்த விதம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தடுமாற்றமே இல்லை. வீடு, வசந்தியின் வயிறு, என் பெயரில் ஓடிக்கொண்டிருந்த பேப்பர் என்று இத்தனை வருஷமாகக் காரணங்களை அடுக்கிப் பார்த்துவிட்டேன். அந்த நொடியில் ஒன்றும் நினைவில் இல்லை. வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அனுப்பும் முன் வேறு யாரிடமாவது காட்டினாயா என்று அவர் உன்னைக் கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய் என்று காத்திருந்தேன். நீ பார்க்கவில்லை.

“இல்லை. நான் மட்டும்தான் பார்த்தேன்” என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாய்.

முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு வேலைக்கு மாற்றியிருப்பேனே என்று டேவ் வருத்தத்தோடு சொன்னார். அது உண்மையா என்று தெரியாது. இப்போது முடிவு தன் கையில் இல்லை என்றார். அன்றோடு உன் வேலை முடிந்தது.

அன்று உன் கார் வாரம். மலையைத் தாண்டி வரும்வரை நீ சாலையைப் பார்த்தே ஓட்டினாய். நான் பேசியிருக்கலாம். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.  எங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் நிறுத்தினாய். நான் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஒரு நிமிஷம் பாத்திருக்கலாம்டா” என்றாய்.

அவ்வளவுதான் நீ என்னைக் கேட்டது, அன்றைக்கும் அதற்குப் பிறகும். டேவின் அறையில் நான் சொன்னதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிறகு வீடு என்னாச்சு என்றாய். கிடைத்துவிட்டது என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய்.

மறுநாளிலிருந்து நான் தனியாகத்தான் மலையைத் தாண்டினேன்.

ஒரு மாதம் நீ அலைந்தாய். நூறு இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பினாய். உன்னை மாதிரி ப்ரோகிராம் எழுதுகிறவனை இன்னும் ஐந்தாறு வருஷம் கழித்து இந்த ஊரில் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். அப்போது ஒருவரும் பதில்கூடப் போடவில்லை. விசா முடிந்துவிட்டது, கிளம்புவதுதான் நல்லது என்று வக்கீல் சொன்னார். காரை விற்றாய். ரைஸ் குக்கரையும் இட்லித் தட்டையும் சுமதி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாள். புது வீட்டுக்கு ஆகும் என்றாள். நானும் வசந்தியும் உங்கள் இருவரையும் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டோம். பெட்டியைத் தூக்கக் கை நீட்டினேன், நான் பாத்துக்கறேன் என்று நீயே தூக்கினாய். சுமதிதான், இந்த ஒரு மாதம் நீங்கள் இல்லை என்றால் நாங்கள் என்ன ஆகியிருப்போமோ என்று கண் கலங்கினாள். நீ வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாய்.

ஊரில் நீ கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தாய். நீல இன்லாண்ட் மாதிரி மடித்த காகிதத்தில் வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். வருத்தம் என்று ஒரு வரி இருக்காது. ‘ஊர் முழுக்கச் சாயப்பட்டறை. எல்லாரும் காலையில் எழுந்ததிலிருந்து கலரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அமராவதி இப்போது தினம் ஒரு கலரில் ஓடுகிறதாம். அது தெரியாமல் ஆற்றைப் பார்க்கிற புண்ணியவான் நான் ஒருத்தன்தான்’ என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துச் சிரித்துவிட்டுப் பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் பதில் எழுதுவேன். வீடு, தோட்டம், குழந்தை, கிரீன் கார்டு கையில் வந்தது, எல்லாம் எழுதுவேன். எழுத வேண்டியதைத் தவிர.

நான்கு வருஷம் கழித்து நாங்கள் சென்னைக்கு வந்தபோது, கரூர் வர நேரமில்லை என்று போனில் சொன்னேன். நேரம் இருந்தது. நீ பஸ் ஏறி, மாம்பலத்தில் என் மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டாய். இளைத்திருந்தாய். காலர் கிழிந்து, உள்பக்கம் திருப்பித் தைத்த சட்டை. என் மகளுக்கு ஒரு படுக்கை விரிப்பு கொண்டுவந்தாய், உங்கள் ஊரில் நெய்தது. பிரித்ததும் வசந்தி, ரொம்ப நல்ல கலர் என்றாள்.

“கடைக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன்ங்க” என்று சிரித்தாய்.

மாமியார் டிபன் வைத்தார். மாமனார் அமெரிக்க வேலை ஏன் விட்டாய் என்று கேட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வந்துவிட்டேன் என்றாய். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள் என்பது என் சாக்கு. பஸ் ஸ்டாப் வரை உன்னோடு நடந்து வந்தபோது யாரும் இல்லை. அங்கேயும் நான் ஹைதராபாத்தில் பிரமாதமாக வேலை கிடைக்கிறதாம், போகலாமே என்று யோசனை சொன்னேன். பாக்கலாம் என்றாய். பஸ் வந்தது. படியில் நின்றபடி, பாப்பா உன்னை மாதிரியே இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். அதுதான் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது.

போன வருஷம் உன் தம்பியிடமிருந்து ஒரு ஈமெயில் வந்தது. வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தோரு வயது. நான் அதை ஆபீஸில் படித்தேன். படித்துவிட்டு மீட்டிங்குக்குப் போனேன். மீட்டிங்கில் யாரோ என்னிடம் எதையோ கேட்டார்கள், பதிலும் சொன்னேன். சாயங்காலம் வண்டியை ஓட்டிக்கொண்டு மலை ஏறும்போதுதான் அழுகை வந்தது. ஓரமாக நிறுத்தக்கூட முடியவில்லை, பின்னால் அவ்வளவு வண்டிகள்.

அன்றைக்குச் சுமதியிடம் போனில் பேசினேன். ஆறுதல் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மியூசியத்திலிருந்து வந்தபிறகு என்னால் இருக்க முடியவில்லை. அந்தப் புல், அசலில் எத்தனை பச்சை தெரியுமா? மஞ்சளும் நீலமும் தனித்தனியாக வைத்து, நம் கண்ணுக்குள்ளே பச்சையாக ஆகும்படி விட்டிருக்கிறார். ஒரு குழந்தைகூட அதைத் துரு என்று நினைக்காது. நேற்று ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சுமதிக்குப் போன் செய்தேன். அங்கே இரவு ஏழரை. நீங்கள் ஊருக்குப் போன மறு வருஷம் பிறந்த உன் பெண் போனை எடுத்து, அம்மா, அமெரிக்கா மாமா என்று கூப்பிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை நான் பார்க்காமல் சொன்னது. டேவ் கேட்டது. தெரியாது என்றது. இல்லை, நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நீ சொன்னது.  சொல்லி முடித்ததும், இதெல்லாம் எனக்குத் தெரியாதுங்களே என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். நீ அவளிடம் எல்லாம் சொல்கிறவன். அவளுக்குத் தெரிந்தும் பெருந்தன்மையாக அண்ணா என்று கூப்பிடுகிறாள் என்று நினைத்து, அந்த நினைப்பிலேயே கொஞ்சம் சமாதானமும் அடைந்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ சொல்லவே இல்லை.

“அவரு கடைசி வரைக்கும் உங்களப் பத்தி ஒரு வார்த்தை குறைச்சுச் சொன்னதில்லீங்க” என்றாள். “அதனாலதான் நீங்க யாருன்னே எனக்குத் தெரியாமப் போச்சு.”

மன்னிப்புக் கேட்டேன்.  அவள் கோபமாகப் பேசவில்லை.

“இதை அவரு இருக்கறப்ப, அவருகிட்டச் சொல்லியிருக்கலாம். பாப்பாவுக்குச் சோறு போடணும். வெச்சர்றேன்ங்க” என்றாள்.

பத்து வருஷத்துக்கு மேலாக அவள் என்னை அண்ணா இல்லாமல் கூப்பிட்டதில்லை. நேற்று அந்தச் சொல் வரவில்லை. அதைக் கேட்டு வாங்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும், உன் வீட்டில் எனக்கு இருந்த நல்ல பெயரை நீ கட்டிக் காப்பாற்றி வைத்திருந்தாய் என்பது, அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சொன்னதில் வருத்தம் இல்லை. நிம்மதியும் இல்லை.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும், இதை யாரிடமும் சொன்னதில்லை. டேவின் அறையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து, யார் என்னிடம் என்ன கேட்டாலும் உடனே பதில் வருவதில்லை. உப்புப் போட்டீங்களா, கதவைப் பூட்டினீங்களா, அந்தத் தெரு உனக்குத் தெரியுமா, எதுவானாலும் சரி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு நொடி நின்றுவிடுகிறேன். வாய் என்ன சொல்லப் போகிறது என்று நானே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். ஆபீஸில் என்னை நிதானமான ஆள் என்கிறார்கள். வசந்தி, எனக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்திருக்கிறாள். புதன்கிழமைக்கு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறாள்.

இன்று காலை, மறக்காம வருவீங்கல்ல என்று கேட்டாள். எனக்கு நன்றாகக் கேட்டது.